ஆவணிக்குள் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்

ஆடி 4, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. பெத்தானியாபுரம் தெரு முழுக்கப் புழுதி. காரின் போனட் திறந்தபடி நிற்க மாட்டேன் என்கிறது. கயிறு போட்டு மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டு வேலை பார்த்தேன்.

செய்தவை:
- பிளக்குகளுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியது. உள்ளே கரி. துடைத்தது.
- பாயிண்ட் இடைவெளி அளந்தது. இருக்க வேண்டியதில் பாதி.
- பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர். மீட்டரில் சரியாகத்தான் காட்டுகிறது. சூடானால் கெடும் ரகமாக இருக்கும்.
- அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டது. போகாதது.

முடிவு: பாயிண்டும் வேண்டாம், கண்டென்சரும் வேண்டாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிட வேண்டியதுதான். பாயிண்ட் என்பது எஞ்சின் ஓட ஓடத் திறந்து மூடிப் பொறி கொடுக்கும் இரண்டு இரும்புத் துண்டு. தேயும், கருகும். அதற்குப் பதில் ஒரு காந்த வளையம், ஒரு சென்சார், இரண்டு வயர். தேய்வதற்கு ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் செய்து அனுப்புகிறார். ஆர்டர் போட்டாயிற்று. ஒரு மணி நேர வேலை.

வண்டிக்கு என்னைவிட முப்பது வயது கூட. என் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஓடும்போது நன்றாக ஓடும். உச்சி வெயிலில் நின்றுவிடும். அதுதான் பிரச்சினை. அதுதான் எல்லாப் பிரச்சினையும்.

எழுதிவிடுகிறேன். மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனி கடைசி. செக்கானூரணி பக்கம் என் பெண்டாட்டி ஈசுவின் ஊரில் ஒரு விசேஷம். நானும் ஈசுவும் முன்னால், மதுரைக்கு வந்திருந்த அவள் அப்பா பின் சீட்டில். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் வண்டி நின்றது. மணி பன்னிரண்டரை. போனட்டைத் திறந்தேன். ஈசு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். பெட்ரோல் பைப் கொதிக்கிறது, எங்கள் தோட்டத்து எஞ்சினும் சூட்டில் இப்படித்தான் நிற்கும், ஈரத்துணி சுற்றினால் ஓடும் என்றாள்.

“இது ஒங்க தோட்டத்து மோட்டார் ரூம் இல்ல. வாய மூடிட்டு உள்ள போயி ஒக்காரு” என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈசு போய் உட்கார்ந்தாள். அரை மணி கழித்து வண்டி தானாகக் கிளம்பியது. விசேஷம் முடிந்து கூப்பிட்டபோது அவள் வரவில்லை. அப்படியே பிறந்த வீட்டில் தங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆடி பிறந்தது. எங்களுக்கு முதல் ஆடி. புதுப்பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில் இருப்பது வழக்கம் என்பதால் தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கே தெரியாது. மருமகளை இரண்டு நாள் முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறது. ஆடி என்னை மறைத்து வைத்திருக்கிறது. ஆவணி ஒன்றாம் தேதி அவள் வராவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தெரிந்தால் தெரியட்டும். அவள் வராவிட்டால்?

திட்டம்: ஆவணி ஒன்றுக்குள் வண்டி நிற்காமல் ஓட வேண்டும். அதில் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஆடி 6, செவ்வாய்

வேலைக்கு அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். அம்மா ஏன் என்று கேட்டது. சர்வீஸ் கால் என்றேன். பொய்.

ஈசு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஆடி என்றாலும் லேபுக்கு லீவு இல்லை. ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் ஆரப்பாளையம் வருகிறாள், சாயங்காலம் திரும்பிப் போகிறாள். அதாவது என் பெண்டாட்டி பகல் முழுக்க என் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறாள்.

டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றேன். எட்டே முக்காலுக்கு இறங்கினாள். பச்சைச் சுடிதார், கறுப்புப் பை. தலைமுடி ஈரம். யாரோ ஒரு கிழவியின் கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தாள். மொத்தம் நாற்பது வினாடி இருக்கும்.

இளைத்த மாதிரி இருந்தது. இல்லை, அந்தச் சுடிதார் அப்படி.

ஆடி 8, வியாழன்

நேற்றும் போனேன். திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி நடந்தாள்.

இன்று பஸ் வந்தது, அவள் அதில் இல்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து லேபுக்குப் போன் போட்டேன். வந்து அரை மணி நேரம் ஆகிறது என்றார்கள். முந்தின நிறுத்தமான காளவாசலிலேயே இறங்கி நடந்து வந்தாளாம். நான் நிற்பேன் என்று, அந்த வெயிலில் அவ்வளவு தூரம்.

இனி ஆரப்பாளையம் போவதில்லை.

சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவு டப்பாவில் அவள் கையெழுத்தில் ஒரு லேபிள். லேபில் சாம்பிளுக்கு ஒட்டுகிற பழக்கம், வீட்டிலும் எல்லாவற்றுக்கும் தேதி, நேரம் எழுதி ஒட்டுவாள். ‘இட்லி மாவு, காலை 7.10.’ டப்பாவில் இப்போது இருப்பது மாவு இல்லை, அம்மா வைத்த புளிக்கரைசல். கழுவும்போது லேபிளை எடுத்துவிடாதே என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன்டா என்றது. பசை கறையாகும் என்றேன்.

ஆடி 11, ஞாயிறு

இக்னிஷன் பார்சல் நேற்று வந்தது. அம்மா அதைத் தொடவில்லை. “ஆடியில யாராச்சும் புதுச்சாமான் மாட்டுவாகளா? இருவது நாளு பொறுக்க முடியாதா ஒனக்கு?” பொறுக்க முடியாது.

9.00: பாயிண்ட், கண்டென்சர் வெளியே.
9.20: சென்சார் தட்டு உட்கார்ந்தது. காந்த வளையம் ரோட்டருக்குக் கீழே. இடைவெளி சரி.
9.40: சிவப்பு வயர், பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயிலின் ப்ளஸ். கறுப்பு வயர் மைனஸ். கூட ஒரு தாள் வந்திருந்தது, எட்டாக மடித்தது. விரிக்கவில்லை. இரண்டு வயருக்கு என்ன தாள்.
9.45: சாவியைத் திருப்பினேன்.
9.45: புகை.

இரண்டு வினாடி. கருவாடு வறுத்த மாதிரி நாற்றம். அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. திட்டியிருக்கலாம்.

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த கேபிளைத் துடைத்துப் பார்த்தேன். ப்ளஸ். அந்தக் காலத்து வண்டி, ப்ளஸ் முனையைத்தான் பாடியில் கட்டியிருக்கிறார்கள். இப்போது ரோட்டில் ஓடும் எல்லா வண்டியிலும் மைனஸ், சென்சாரும் அதற்குச் செய்தது. நான் வாங்கி இரண்டு வருடமாகத் தினம் பார்க்கிற கேபிள். ஒரு நாளும் பார்க்கவில்லை.

நான் இன்வெர்ட்டர் சர்வீஸ் இன்ஜினியர். போன வாரம்தான் திருமங்கலத்தில் ஒரு மளிகைக்கடைக்காரரை, பேட்டரி முனைகளை மாற்றி மாட்டிவிட்டார் என்று கடையில் நின்றவர்கள் முன்னால் திட்டினேன்.

ஆடி 12, திங்கள்

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன். சரக்கு சரியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“பேட்டரில எந்த முனை பாடிக்குப் போகுதுங்க?”

மைனஸ் என்று நினைத்தேன் என்றேன்.

“பாத்தீங்களா, நெனச்சீங்களாங்க?”

 அவர் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. மொத்த வண்டியையும் மைனஸுக்கு மாற்றுவது எப்படி என்று பொறுமையாகச் சொன்னார். பேட்டரி முனை மாற்றுவது, காயில் வயர் மாற்றுவது, டைனமோவுக்குப் பேட்டரி வயரால் ஒரு தொடு கொடுத்துக் கரண்டின் திசையைப் பழக்குவது. எழுதிக்கொண்டேன். இன்னொரு செட் அனுப்புகிறார். தாளைப் படிக்கச் சொன்னார்.

இரண்டாவது வரியிலேயே போட்டிருக்கிறது. முதலில் பேட்டரியைப் பார்க்கவும் என்று.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்துச் சித்திரான்னம் கிண்டியது. எலுமிச்சை, தேங்காய், புளி. மூன்று டப்பாவில் எனக்கு. ஈசுவுக்கும் சேர்த்துச் செய்த அளவு.

பத்து மணிக்கு மாமா போன். எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். வழக்கத்துக்குக் கூப்பிடுகிறாரா, ஈசு சொல்லிக் கூப்பிடுகிறாரா தெரியவில்லை. பின்னால் பாத்திரச் சத்தம், பெண்கள் பேச்சு. அதில் அவள் குரல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர் சொன்னது பாதி காதில் விழவில்லை.

வண்டி இன்னும் ரெடியாகவில்லை மாமா, ஆவணி ஒண்ணுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.



“நாங்க வண்டியக் கூப்பிடல மாப்ள” என்றார். வைத்துவிட்டார்.

பஸ் இருக்கிறது. பைக் இருக்கிறது. இருபது கிலோமீட்டர். ஏன் அப்படிச் சொன்னேன்? நிற்காத வண்டியில் போய் இறங்கினால் அன்றைக்கு நடந்தது அழிந்துவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை அவரிடம் எப்படிச் சொல்வது.

மூன்று டப்பாவும் சாப்பிடாமல் இருக்கிறது.

ஆடி 21, புதன்

அரை நாள் லீவு. மேகம், ஆனால் மழை இல்லை.

இந்த முறை ஒவ்வொன்றுக்கும் மீட்டர். பேட்டரி முனை மாற்றினேன், மீட்டர். காயில் வயர், மீட்டர். டைனமோவுக்கு ஒரு துண்டு வயரால் ஒரு தொடு, சின்னதாக ஒரு பொறி. ஆம்பியர் மீட்டர் வயரையும் திருப்பினேன். இரண்டாவதாக வந்த சென்சாரை மாட்டினேன். தாளைப் பக்கத்தில் விரித்து நாலு மூலையிலும் ஸ்பேனர் வைத்து, வரி வரியாக. ஒரு மணி நேர வேலைக்கு நாலரை மணி நேரம்.

சாவி. பாதிச் சுற்றில் பிடித்தது.

இப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. ஐடிலில் ஒரு குலுங்கல் இல்லை. வைப்பர் குச்சி நடுங்கவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் தடங்கல் இல்லாமல் ஏறுகிறது. எதிர்வீட்டு அண்ணன் வந்து, “என்னப்பா, மோட்டார் மாத்திட்டியா?” என்றார். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். சீட் உறையில் அவள் கைப்பை ஜிப் உரசி ஒரு கீறல் இருக்கிறது. அன்றைக்கு அதற்கும் கத்தினேன்.

எஞ்சின் சத்தத்தைப் பன்னிரண்டு வினாடி பதிவு செய்து ஈசுவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை, சத்தம் மட்டும். கேட்டுவிட்டாள் என்று காட்டியது. அரை மணி கழித்துப் பதில்: ‘சரி.’

இருபத்திரண்டு நாளில் முதல் வார்த்தை. எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன்.

ஆடி 25, ஞாயிறு

சோதனை ஓட்டம். வேண்டுமென்றே உச்சி வெயில். திருமங்கலம் வரை போய்த் திரும்புவது. போகும்போது பிரமாதம். திருமங்கலத்தில் ஒரு பருத்திப்பால் குடித்தேன். வண்டி வெயிலில் பத்து நிமிடம்.

திரும்பும்போது கப்பலூர் தாண்டியதும் இரண்டு திக்கல். நின்றது.

ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லாரி போகும் ஒவ்வொரு முறையும் வண்டி ஆடியது. கத்துவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பிறகு அன்றைக்குச் செய்யாததைச் செய்தேன். ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சினுக்கு அருகில் பிடித்துச் சுற்றவிட்டேன். நீலப் பொறி, கொழுத்த பொறி. இக்னிஷனில் ஒரு குறையும் இல்லை. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் பைப்பை அவிழ்த்தேன். பெட்ரோல் வரவில்லை. குமிழிதான் வந்தது. பைப்பைத் தொட்ட விரல் சுட்டுவிட்டது. எந்தக் காலத்திலோ எவனோ மெக்கானிக் பைப்பை மாற்றும்போது சைலன்சருக்குப் போகும் குழாயை ஒட்டியபடி வளைத்துவிட்டிருக்கிறான். பெட்ரோல் உள்ளேயே கொதித்து ஆவியாகிறது.

கைக்குட்டையைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பம்பிலும் பைப்பிலும் சுற்றினேன். ஐந்து நிமிடம். சாவியைத் திருப்பினேன். கிளம்பியது.

ஈரத்துணி.

பாயிண்ட் கெட்டது என்று நான்தான் முடிவு செய்தேன். மீட்டர் சரி என்று காட்டிய கண்டென்சரை நான்தான் கெட்டது என்றேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் பார்க்காமலே சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ரோட்டோரம் வெகுநேரம் இருந்தேன். 

ஆடி 26, திங்கள்

எழுதி அழித்தவை:
- நீ சொன்னது சரி.
- பைப்தான் காரணம். நீ சொன்னது சரி.
- சாப்பிட்டாயா?
- தப்பு என் மேல்தான்.
- லேபில் இன்றைக்குக் கூட்டமா?

அனுப்பியது: ஒன்றுமில்லை. மூன்று சர்வீஸ் கால், ஒன்றில் கஸ்டமர் தானே ஃபியூஸ்தான் காரணம் என்று சொன்னார். சரி பார்ப்போம் என்றேன். ஃபியூஸ்தான்.

அம்மா ஆவணி ஒன்றுக்கு ஈசு வருவாள் என்று புதுத் தலையணை உறை தைக்கக் கொடுத்திருக்கிறது.

ஆடி 29, வியாழன்

காளவாசலுக்கே போனேன். ஒளிந்து நிற்கவில்லை, நிறுத்தத்திலேயே நின்றேன். இறங்கினாள். பார்த்தாள். இந்த முறை நடக்கவில்லை, நின்றாள். சிக்னலில் அத்தனை ஹார்ன். நான் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

நீ சொன்னதுதான் சரி, பெட்ரோல் பைப்தான் என்றேன்.

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

“இன்னைக்கு வியாழன்.”

ஆமாம் என்றேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுடிதார் காரணமில்லை, உண்மையிலேயே இளைத்திருக்கிறாள். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நீட்டவில்லை.

“எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? யாரு முன்னாடி என்னைய வாய மூடச் சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க. அப்பா அன்னைலருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசல. பொண்ண எங்க குடுத்தோம்னு நெனைக்கிறாரு.”

போய்விட்டாள். பிறகு ஞாபகம் வந்தது, வருவாயா என்று நான் கேட்கவே இல்லை.

ஆடி 31, சனி

பைப்பை மாற்றவில்லை. மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் வண்டியில் போனால் வண்டியைப் பற்றித்தான் பேசுவேன். என்னை எனக்குத் தெரியும். ஆம்பியர், காயில், மைனஸ் என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பி வந்துவிடுவேன்.

போனட்டை மூடி உறை போட்டேன். நாளை பஸ்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தது, நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்டா. புதுசாக் கட்டுன பொண்ணு ஆடிக்குப் போனா ஒரு நாளைக்கி நாலு தரம் போனு வரும்” என்றது.

ஆவணி 1, ஞாயிறு

ஈசு வீட்டில், மாட்டுக்கொட்டகை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பத்தரை மணி பஸ்ஸில் வந்தேன். மாமா வாங்க மாப்ள என்றார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஈசு கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அத்தை அடுப்படியில். தண்ணீரைக் குடிக்காமலே சொன்னேன். அன்றைக்கு வண்டி நின்றதற்கு ஈசு சொன்னதுதான் காரணம், நான் பார்க்காமலே பேசினேன், உங்கள் முன்னால் அவளை அப்படிச் சொன்னது தப்பு. யோசித்து வைத்திருந்தது இன்னும் நீளம். இவ்வளவுதான் வந்தது.

மாமா துண்டை மடித்தார். பிரித்தார்.

“பைப்புதான்னு எனக்கும் அன்னைக்கே தெரியும் மாப்ள.”

நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா என்றேன். நிஜமாகவே அப்படிக் கேட்டேன்.

“சொன்னவள என்ன சொன்னீங்க?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து ஈசு பக்கம் திரும்பி, இலை போடச் சொல்லும்மா என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஈசு சட்டென்று உள்ளே போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாப்பாடு. என்ன குழம்பு என்று இப்போது கேட்டால் தெரியாது. கை கழுவும்போது சொம்போடு வந்தாள். ஒன்றரை மணிக்கு பஸ் இருக்கிறது என்றேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மறுபடியும் விட்டுவிட்டு மணியைச் சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, வாரியா ஈசு என்று கேட்டேன்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“துணிமணி எல்லாம் எடுத்து வைக்கணும். நேரமாகும். அவசரம்னா நீங்க மட்டும் போங்க.”

ஒன்றரை மணி பஸ் போய்விட்டது. இங்கிருந்தே ஹார்ன் கேட்டது. இரண்டே காலும் போய்விட்டது. மாமா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, திண்ணையில் இருந்த டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம். மூடும் சத்தம். இப்போது மறுபடியும் திறக்கிறாள்.